சொல்லை எங்கே வெட்டுவது

எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் எந்த ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தாலும் அதை எங்கே வெட்டலாம் என்று சொல்லிவிடுவேன். இதைக் கேட்டுச் சிரிக்காத ஆளை நான் பார்த்ததில்லை. சிரிப்பவர்களை என் நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்து, அதில் ஆங்கிலத்தை அடுக்கச் சொல்லவேண்டும். அப்புறம் சிரிக்கட்டும்.

மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில், பள்ளிக்கூட கைடு புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கும் வேலை எனக்கு. இடது பத்தியில் ஆங்கிலம், வலது பத்தியில் தமிழ் அர்த்தம். பத்தி ஒடுக்கம். நீளமான சொல் வரியின் கடைசியில் வந்து நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதை முழுசாகக் கீழே தள்ளினால், மேல்வரி பல் போன வாய் மாதிரி இடைவெளி விட்டு இளிக்கும். அதனால் சொல்லை வெட்டி, வெட்டிய இடத்தில் சின்னதாக ஒரு கோடு போட்டு, மிச்சத்தை அடுத்த வரிக்கு இறக்கவேண்டும். கம்ப்யூட்டரே வெட்டும். ஆனால் அது சில சமயம் கழுத்தில் வெட்டாமல் தோளில் வெட்டிவிடும். அதைத் தேடித் தேடித் திருத்துவதுதான் என் பிழைப்பு.

வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தால் எங்கே மூச்சு இறங்குகிறதோ அங்கே வெட்டலாம். அவ்வளவுதான் என் வித்தை. ஆரம்பத்தில் அர்த்தம் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது.

"தம்பி, அர்த்தம் பாக்க வாத்தியாரு இருக்காரு. நீ லைனப் பாரு" என்றார்.

அவர் வீட்டுக்குப் போன் பேசும்போது சௌராஷ்டிர பாஷைக்கு மாறிவிடுவார். அதிலும் எனக்கு ஒரு சொல் புரியாது. ஆனால் எங்கே நிறுத்துகிறார், எங்கே இழுக்கிறார் என்று காது தானாகக் கணக்குப் போடும். புரியாததை வெட்டிக்கொண்டே இருப்பது கை நமநமவென்று இருப்பவனுக்கு ஏற்ற வேலை. எனக்கு எப்போதுமே ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. உட்கார்ந்தால் கால் ஆடும். கால் ஆடாவிட்டால் எழுந்து போய் ஜன்னல் வழியாகத் தேனி பஸ்ஸைப் பார்த்துவிட்டு வருவேன்.

என் மனைவி நர்ஸ். ஊர் பேரையூர்ப் பக்கம். தமிழில் படித்து, நர்சிங் முடித்து, மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். ஒருநாள் காலை ஷிப்ட் முடிந்து வந்தவள் பையிலிருந்து ஜெராக்ஸ் தாள் ஒரு கட்டு எடுத்துக் கட்டிலில் போட்டாள். இங்கிலாந்தில் ஆள் எடுக்கிறார்களாம். நர்சுகளுக்கென்று ஓர் ஆங்கிலத் தேர்வு இருக்கிறதாம். அதில் படிக்கவேண்டும், எழுதவேண்டும், கேட்கவேண்டும், பேசவேண்டும். நாலிலும் தேறினால் மற்றதெல்லாம் தானாக நடக்குமாம்.

"முதல்ல நான் போறேன். கொஞ்ச நாள்ல உங்களக் கூப்பிட்டுக்கிருவேன்" என்றாள்.

"அங்க வந்து நான் என்ன பண்ண?"

"அதெல்லாம் போய்ப் பாத்துக்கலாம். மொதல்ல இந்த வார்த்தைய எப்பிடிச் சொல்றதுன்னு சொல்லுங்க."

நான் போகவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் தாளைக் கையில் கொடுத்துவிட்டாள். நீளமான சொல்லைப் பார்த்ததும் என் கை சும்மா இருக்குமா? சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தேன். டி-டீ-ரி-யோ-ரேட். நாலு கோடு. அவள் ஒவ்வொரு துண்டாகச் சொல்லிச் சேர்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அர்த்தம் என்ன?" என்று கேட்டேன். முதலாளியிடம் கேட்கமுடியாததைப் பெண்டாட்டியிடம் கேட்கலாம்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "காலைல நல்லாப் பேசிக்கிட்டு இருப்பாரு. மத்தியானம் பேச்சு குறைஞ்சிரும். சாயங்காலம் கண்ணு மட்டும் நம்மளையே பாக்கும். அதான்."

அந்தச் சொல்லை நான் கைடு புத்தகங்களில் பல தடவை வெட்டியிருக்கிறேன். வலது பத்தியில் "சீரழிதல்" என்று இருக்கும். அதைப் படித்தபோது ஒன்றும் தோன்றியதில்லை. இப்போது அந்தக் கண் வந்துவிட்டது.

அதிலிருந்து அவள் வீட்டில் இருக்கிற சாயங்காலமெல்லாம் இதுதான். நான் வெட்டுவேன், அவள் அர்த்தம் சொல்வாள். பிரஸ்ஸிலிருந்து கழிவுத்தாள் கொண்டுவந்து, முதுகுப்பக்கம் பெரிய எழுத்தில் எழுதி, சிவப்புக் கோடு போட்டு, அடுப்படிச் சுவரில் டேப் ஒட்டுவேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே படிப்பாள். ரசம் கொதித்தால் சொற்கள் நனையும். எண்ணெய் தெறித்து ஒன்றிரண்டு மஞ்சளாகிப் போயின. பிரிட்ஜின் பக்கவாட்டிலும், பாத்ரூம் கதவிலும், எங்கே திரும்பினாலும் துண்டு துண்டாக ஆங்கிலம்.

அப்-ரி-ஹென்-சிவ் என்று ஒன்று வந்தது.

"ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கிட்டுப் போகும்போது ட்ராலிக் கம்பிய இறுக்கிப் பிடிப்பாங்க பாருங்க. கேட்டா ஒண்ணுமில்லம்பாங்க. கை மட்டும் விடாது. அதான்" என்றாள்.

ரீ-அ-ஷூ-ரன்ஸ் என்று இன்னொன்று.

"ஒண்ணும் ஆகாது, எல்லாம் சரியாப் போயிரும்னு தைரியம் சொல்றது. ஆனா தெரியாத விஷயத்துக்கு அப்பிடிச் சொல்லக்கூடாதாம். பரிட்சைல மார்க் போயிரும்னு கோச்சிங்ல சொல்றாங்க."

"பொய்யாச்சும் சொல்லித் தேத்தக்கூடாதா?"

"கூடாதாம். தெரியலன்னா தெரியலன்னு சொல்லணுமாம். தெரிஞ்சதும் சொல்றேன்னு சொல்லணுமாம்."

என்ன ஊர்டா அது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் சந்தோஷமாக இருந்தேன் என்றுதான் சொல்லவேண்டும். கல்யாணமாகி இத்தனை காலத்தில் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை. ஷிப்ட் மாறி மாறி வரும். அவள் வரும்போது நான் இல்லை, நான் வரும்போது அவள் தூங்குவாள். இப்போது அவளுடைய வார்டு முழுக்க என் அடுப்படிக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் ஒரு முள். நான் வெட்டித் தருகிற ஒவ்வொரு சொல்லும் அவளை ஓரடி அந்தப் பக்கம் நகர்த்துகிறது. இது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் பேனாவைக் கீழே வைக்கமுடியவில்லை. பேனாவை வைத்துவிட்டால் அந்தச் சாயங்காலமும் போய்விடுமே.

அவளுடைய சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்குப் பேரையூர் போனோம். திருமங்கலத்தில் பஸ் மாறினோம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து உதடு மட்டும் அசைய எதையோ சொல்லிக்கொண்டே வந்தாள். பருத்திக்காடு, சோளக்காடு, வெட்டவெளி, கருவேலம், மறுபடி பருத்திக்காடு. எதையும் அவள் பார்த்ததாகத் தெரியவில்லை. பின் சீட்டு அம்மா ஒருத்தி என் தோளைத் தொட்டு, "வேண்டுதலாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய்யும் இல்லை.

காதுகுத்து வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் என் மாமனார் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல மனுஷர். அதிகம் பேசமாட்டார். அன்றைக்குப் பார்த்து பந்திக்கே கேட்கும்படி பேசினார்.

"எல்லாம் மாப்ள புண்ணியம். அவருதான் உக்காந்து இங்கிலீசு சொல்லிக்குடுக்கிறாரு. வேற ஆளா இருந்தா பொண்டாட்டிய அம்புட்டுத் தூரம் அனுப்புவானா?"

பந்தியில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கறியை இலை ஓரமாக ஒதுக்கினேன். சிரித்தேன். எதிர் இலைக்காரர் தன் பங்குக்கு, "அங்க போயி நீங்க என்ன சோலி பாப்பீங்க மாப்ள?" என்று கேட்டார்.

"போய்ப் பாத்துக்கலாம்ணே" என்றேன். அவள் சொன்னதையே சொன்னேன்.

சாப்பிட்டுக் கையைக் கழுவியதும் அங்கே நிற்கமுடியவில்லை. கண்மாய்க் கரைவரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வீட்டுக்குப் போய் வேண்டாம் என்று சொல்லிவிடவேண்டியதுதான் என்று போகும்போது நினைப்பேன். இவ்வளவு பேர் முன்னால் புண்ணியவான் ஆகிவிட்டோமே, இனி எந்த வாயால் சொல்வது என்று திரும்பும்போது நினைப்பேன். மதுரைக்குத் திரும்புகிற பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். திருமங்கலம் வந்தபோதுதான் பார்த்தேன், மேல்கம்பியைப் பிடித்திருந்த என் கை வெளுத்துப்போயிருந்தது. இந்தக் கைக்கு அவள் ஏற்கெனவே அர்த்தம் சொல்லியிருக்கிறாள்.

அவள் தேர்வு எழுதிவிட்டு வந்தாள். சில வாரம் கழித்து முடிவு வந்தது. நான் பிரஸ்ஸில் இருந்தேன். போன் அடித்தது.

"மூணுல வந்துருச்சுங்க. பேசுறதுல போச்சு."

குரல் உடைந்திருந்தது. ஏதேதோ சமாதானம் சொன்னேன். இன்னொருக்கா எழுதலாம், எல்லாருக்கும் முதல்தடவை இப்படித்தான் என்று. போனை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் பஸ் ஸ்டாண்டுக்குள் போய் ஒரு டீ சொன்னேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு பாரத்தை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தைக் கண்டதும் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. பாதி டீயை வைத்துவிட்டுப் பஸ்களுக்கு நடுவில் நடக்க ஆரம்பித்தேன். ஒரு கண்டக்டர் என்னை ஏறச்சொல்லிக் கூப்பிட்டார். பெரியகுளமா, கம்பமா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனேன். அங்கேயும் கேட்டார்கள்.

சாயங்காலம் வீட்டில் அவள் அழவில்லை. அடுப்படியில் நின்று போனில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். கோச்சிங்கில் தேர்வுக்கு முன்னால் அவள் பேசிப் பழகியதைப் பதிவுபண்ணி வைத்திருந்தார்களாம். அதை இப்போது அனுப்பியிருந்தார்கள்.

"இதக் கேளுங்களேன்" என்றாள்.

கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கு வியர்த்தது. அவளுடைய ஆங்கிலம் டவுன் பஸ் மாதிரி ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று நின்று வந்தது. டி... டீ... ரி... யோ... ரேட். சின்னச் சொற்கள் ஓடின. பெரிய சொல் வந்தால் தடுக்கி, நின்று, ஏறி, இறங்கி. எல்லாம் நான் சிவப்புக் கோடு போட்ட இடங்கள். ஒன்றைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. சுவரில் எப்படி ஒட்டினேனோ அப்படியே வாய்க்குள் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

வரியில் இடம் பற்றாமல் போனால்தான் சொல்லை வெட்டுவோம். வாய்க்குள் என்ன இடப் பற்றாக்குறை? இது ஏன் எனக்கு முன்னாலேயே உறைக்கவில்லை என்று எரிச்சல் பொங்கியது. எரிச்சல் வந்தால் எனக்குக் கை நீளும். சுவர்த்தாள்களைப் பிடித்து இழுத்தேன்.

"ஏங்க, கிழிக்காதீங்க. பெயிண்ட் உரிஞ்சிட்டு வந்துச்சுன்னா வீட்டுக்காரம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள். பிறகு அவளே பக்கத்தில் வந்து, டேப்பை நகத்தால் மெதுவாக நெம்பி, ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்ததைக் கசக்காமல் அடுக்கினாள்.

"நீங்க சொல்லிக்குடுக்கலன்னா மத்த மூணுலயும் வந்திருக்காது" என்றாள். "பேசுறதுக்குப் பெரிய வார்த்தையே தேவையில்லையாம். நோயாளிக்குப் புரியிற மாதிரி சின்னச் சின்ன வார்த்தைல சொல்லணுமாம். அதுக்குத்தான் மார்க்காம். நான்தான் படிச்சதையெல்லாம் கொட்டிட்டு வந்துட்டேன்."

எனக்கு வீட்டில் வேலை போய்விட்டது. ஒரே நாளில் போய்விட்டது. சாயங்காலம் வந்தால் சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் சின்னச் சொற்களை வைத்துத் தனியாக முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எதையும் வெட்டவேண்டியதில்லை, எதற்கும் நான் தேவையில்லை. மொட்டைமாடிக்குப் போவேன், கீழே வருவேன், கேஸ் சிலிண்டரைத் தட்டிப் பார்ப்பேன். காலியா இல்லையா என்று எனக்கே தெரியும். சும்மா தட்டுவேன்.

ஒருநாள் அவளே கூப்பிட்டாள். பேசும் தேர்வில் ஒரு நாடகம் மாதிரி நடக்குமாம். அவள் நர்ஸ். எதிரே இருப்பவர் நோயாளி, இல்லையென்றால் நோயாளியின் சொந்தக்காரர். ஆளுக்கொரு அட்டை. அட்டையில் இருக்கிற நிலைமையை வைத்துக் கொஞ்ச நேரம் பேசவேண்டும், அவ்வளவுதான்.

"நீங்க எதுத்தாப்புல உக்காருங்க."

"நானா? எனக்கு இங்கிலீஷ் வெட்டத்தானே தெரியும்."

"நீங்க தப்பாப் பேசலாம். நோயாளிக்கு மார்க் கிடையாது."

உட்கார்ந்தேன். முதலில் சர்க்கரை நோயாளி ஆனேன். மாத்திரை சாப்பிட மறுக்கிற ஆள். அவள் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். "ஓகே சிஸ்டர், தேங்க் யூ சிஸ்டர்" என்று சொல்லி எழுந்துவிட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீங்க சரின்னு சொல்லிட்டா நான் எதப் பேசுறது? எதுத்துப் பேசுங்க. பயப்படுங்க. பயப்படத் தெரியாதா உங்களுக்கு?"

தெரியாதா என்றால் என்ன சொல்ல? அடுத்தடுத்த நாளில் கொஞ்சம் தேறினேன். கால் முறிந்தவன் ஆனேன், ஊசிக்குப் பயந்தவன் ஆனேன், பெற்ற தாயை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அலைகிற மகன் ஆனேன். என் ஆங்கிலத்தைக் கேட்டு அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நர்ஸாகவே இருக்கப் பாடுபடுவாள். நோயாளி பேசும்போது குறுக்கே பேசக்கூடாதாம். அவன் நிறுத்தினாலும் உடனே பேசிவிடக்கூடாதாம். கொஞ்சம் விடவேண்டுமாம். அந்தக் கொஞ்ச நேரம் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. தேர்வுக்காகத்தான் பார்க்கிறாள் என்று தெரியும். தெரிந்தாலும் கால் ஆடுவது நின்றுவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கரண்ட் இல்லை. எங்கள் வீடும் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மாடிதான், ஜன்னலைத் திறந்து வைத்தால் சத்தம் முழுக்க உள்ளே வந்தது. அவள் ஓர் அட்டையை எடுத்துத் தமிழில் விளக்கினாள்.

"உங்க மனைவிக்கு வைத்தியம் முடிஞ்சிருச்சு. நடக்கப் பழக்கணும். அதுக்குத் தூரத்துல வேற ஊரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும், பல மாசம் ஆகும். நீங்க ஒத்துக்க மாட்டேங்கிறீங்க. ஏன்னு கேட்டா சொல்லவும் மாட்டேங்கிறீங்க. நான் பேசி உங்க மனசுல இருக்கிறதக் கண்டுபிடிக்கணும்."

போனில் டைமர் வைத்தாள். குட் ஆப்டர்நூன் சொன்னாள். மனைவியை வேறு ஊருக்கு அனுப்புவது பற்றிப் பேசலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நோ" என்றேன். "ஷி ஸ்டே ஹியர்."

"ஐ கேன் ஸீ யூ ஆர் வொரீட்" என்றாள். உங்களை எது ரொம்பக் கவலைப்படுத்துகிறது, சொல்லமுடியுமா என்று கேட்டாள்.

அட்டையில் ஏதோ பதில் இருந்தது. வாடகை, பயணம், பார்க்கப் போகமுடியாது என்று என்னவோ. நான் அட்டையைப் பார்க்கவில்லை. அவள் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே எந்தப் பஸ்ஸோ கிளம்ப முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"ஷி வில் லேர்ன் தேர்" என்றேன். "மெனி திங்க்ஸ். ஷி வில் டாக். ஐ வில் நாட் நோ தி மீனிங்."

அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. ஆனால் நர்ஸாகவே இருந்தாள். குறுக்கே பேசவில்லை. அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. மேலும் பேசினேன். ஹியர் ஷி டெல் மீ மீனிங். தேர் ஷி டெல் ஸம்படி. ஐ ஸிட் இன் ஹவுஸ், லைக் பேக். பை என்றுதான் சொல்ல வந்தேன். தூக்கிக்கொண்டு போனால் போகும், வைத்த இடத்தில் கிடக்கும். அதற்கு மேல் எனக்கு ஆங்கிலம் இல்லை.

கேட்டதைச் சரியாகப் புரிந்துகொண்டோமா என்று திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கவேண்டும். தேர்வில் அதற்கும் மார்க் உண்டு. அவள் சரிபார்த்தாள். மெதுவாக, ஆனால் எங்கேயும் நிற்காமல் சொன்னாள். அவள் மாறிவிடுவாள் என்று பயப்படுகிறீர்கள். அவள் பேசுவது உங்களுக்குப் புரியாமல் போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். அவளுக்கு நீங்கள் தேவைப்படமாட்டீர்கள் என்று பயப்படுகிறீர்கள். சரியா?

எல்லாம் சின்னச் சொற்கள். அர்த்தம் கேட்கவேண்டிய சொல் ஒன்றுகூட இல்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக ஆங்கிலம் எனக்கு முழுக்கப் புரிந்தது.

"எஸ்" என்றேன்.

வேறு ஏதாவது கேட்கவேண்டுமா என்று கேட்டாள். அதுவும் முறைதான், கடைசியில் கேட்கவேண்டும்.

"வென் வில் ஷி கம் பேக்?"

அவள் கையிலிருந்த அட்டையை மடக்கினாள், நிமிர்த்தினாள்.

"ஐ டோன்ட் நோ" என்றாள். "ஐ வில் டெல் யூ அஸ் ஸூன் அஸ் ஐ நோ."

டைமர் அடித்தது. இரண்டு பேரும் அதை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவள்தான் நிறுத்தினாள்.

"இதெல்லாம் கார்டுல இல்லையே."

"இல்ல."

"இம்புட்டு நாளா ஏன் சொல்லல?"

"தமிழ்ல வரல" என்றேன்.

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய் டீ போட்டாள். நான் அறைக்கும் வாசலுக்கும் நடந்தேன். டீயைக் கொடுத்தவள் கூடவே ஒரு தாளையும் நீட்டினாள். நோயாளியாக நடிப்பவர் மார்க் போடவேண்டிய தாள் அது. பொறுமையாகக் கேட்டாரா? எளிய சொல்லில் பேசினாரா? தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லி ஏமாற்றாமல் இருந்தாரா? அவள் ஒவ்வொன்றாகத் தமிழில் படித்தாள். நான் சிவப்புப் பேனாவால் எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். நேர்மையாக மார்க் போட்டேன். ஒன்றுக்குக்கூடப் போடாமல் விட வழியில்லை.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது, "நான் போகவா, வேணாமா? நேராச் சொல்லுங்க" என்று கேட்டாள். தோசையைப் பிய்த்துக்கொண்டே யோசித்தேன். வேண்டாம் என்று சொன்னால் நின்றுவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது. நின்றுவிட்டு, காலையில் நன்றாகப் பேசி, மத்தியானம் பேச்சு குறைந்து, சாயங்காலம் கண் மட்டும் பார்க்க ஆரம்பித்தால்?

"போ" என்றேன். "போறதுக்குத்தான இவ்வளவும்."

இரண்டாம் தடவை நாலிலும் தேறிவிட்டாள். பேசுவதில்தான் அதிக மார்க். அதன்பிறகு எல்லாம் தலைதெறிக்க ஓடியது. பாஸ்போர்ட், மருத்துவப் பரிசோதனை, இண்டர்வியூ, விசா. என்னைக் கூப்பிட்டுக்கொள்வது எப்போது என்பது மட்டும் எந்தத் தாளிலும் இல்லை. மாமனார் ஊரிலிருந்து எள்ளுருண்டை டப்பாவோடு வந்து ஒருநாள் இருந்துவிட்டுப் போனார். போகும்போது மறுபடியும் என் கையைப் பிடித்து, எல்லாம் மாப்ள புண்ணியம் என்றார். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை. பாவம், அவருக்கும் சொல்ல வேறு ஏதோ இருந்திருக்கும். அவருக்கும் வந்திருக்காது.

அவள் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் எடையைப் பார்க்கிறேன் என்று பெட்டியைத் தூக்குவதும் வைப்பதுமாக இருந்தேன். அடுப்படிச் சுவரில் தாள் ஒட்டியிருந்த இடமெல்லாம் கட்டம் கட்டமாக வெளுத்துத் தெரிந்தது. எடுத்து அடுக்கிய தாள்களை அவள் ஒரு பாலித்தீன் பையில் போட்டுத் துணிகளுக்கு நடுவில் வைத்தாள்.

"அது எதுக்கு? அதுதான் உன்னக் கவுத்துவிட்டுச்சே."

"இருக்கட்டும்" என்றாள்.

பெட்டியை விட்டேன். கட்டிலில் உட்கார்ந்தேன். அன்றைக்கு ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் கேட்டேன்.

"எப்ப வருவ?"

அவள் ஒரு சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு கலையாமல் அப்படியே நின்றாள்.

"தெரியலங்க. தெரிஞ்சதும் மொத ஆளா உங்ககிட்டதான் சொல்வேன்."

அதே பதில். அன்றைக்கு அதற்கு நான் டிக் போட்டேன். தமிழில் கேட்டபோது அதைத் தாங்கமுடியவில்லை.

"சும்மாவாச்சும் சீக்கிரம் வந்துருவேன்னு சொல்லேன்."

"அப்பிடிச் சொல்லக்கூடாது. மார்க் போயிரும்" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"போனாப் போகுது. சொல்லு."

சேலையைப் பெட்டியில் வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சீக்கிரம் வந்துருவேன்" என்றாள். எந்த இடத்திலும் நிற்காமல் சொன்னாள்.